தையல் வெளிப்பக்கம்

காலை எட்டு மணிக்கே திண்ணைக் கல்லில் கால் வைக்க முடியவில்லை. எதிரே சேர்வராயன் மலை வெளிறிப்போய்ச் சாம்பல் பூசினாற்போல் கிடக்கிறது. எனக்கு எட்டாவது மாதம். வளைகாப்பு முடிந்து பொம்மிடிக்கு, அம்மா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் அம்மா, அப்பா, ஆயா, நான். அப்புறம் கூடத்து ஜன்னலோரம் அம்மாவின் தையல் மிஷின்.

வந்த முதல் வாரமே குழந்தைக்கு வேண்டியதை நானே தைக்கப் போகிறேன் என்று சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆயாதான், "பொறக்கறதுக்கு முன்னாடி புதுசா எதுவும் வாங்கக்கூடாது கண்ணு. நல்லபடியா பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் ஆயாவோடு சண்டை போட்டிருக்கிறேன். இந்தத் தடவை வாய் வரவில்லை. ஆயா ஏழு பெற்று நாலு வளர்த்தவள். மீதி மூன்றைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. ஆசை ஆசையாகத் தைத்து வைத்த சின்னச் சட்டையைப் போட்டுக்கொள்ள ஆள் இல்லாமல் பெட்டியைத் திறந்து திறந்து மூடின பெண்கள் எத்தனை பேரோ. அவர்கள் சேர்ந்து, பின்னால் வருகிறவளுக்காவது அந்தப் பெட்டி வேண்டாம் என்று போட்ட விதியாகத்தான் இது எனக்குப் படுகிறது. அதனால், "புதுசு வாங்கலை ஆயா, பழைய துணியிலதான் தைக்கப் போறேன்" என்றேன். ஆயா கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து இரண்டு சுங்குடிச் சேலையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். இரண்டும் துவைத்துத் துவைத்து நிறம் பாதி போனவை.

எல்லாம் தொடங்கினது அப்படித்தான்.

பச்சைக் குழந்தைக்குப் பழைய துணிதான் நல்லது என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். ஏன் என்பதற்கான பதில் எங்கள் காட்டிலேயே இருக்கிறது. அப்பா போடுவது குச்சிக்கிழங்கு. பாடப்புத்தகத்தில் மரவள்ளி என்று இருக்கும். பொம்மிடியைச் சுற்றி எங்கே திரும்பினாலும் அந்தக் குச்சிதான் நிற்கும். கிழங்கு ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிறது, ஸ்டார்ச் மாவாகிறது. அந்த மாவில் ஒரு பங்கு நெசவுக்குப் போகிறது. பாவு நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவார்கள். கடையில் புதுத்துணியை எடுத்தால் மொடமொடவென்று நிற்கிறதே, அது அந்தக் கஞ்சிதான். பெரியவர்களுக்கு அது மிடுக்கு. பிறந்து இரண்டு நாளான தோலுக்கு அது உப்புத்தாள். என் நாத்தனார் குழந்தைக்குக் கடையிலிருந்து வாங்கிய உடையைப் பிரித்த கையோடு போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் கழுத்தைச் சுற்றிச் சிவந்துபோயிற்று. புதுத்துணியாகவே இருந்தாலும் நாலைந்து தரம் அலசின பிறகுதான் குழந்தைக்கு ஆகும். இருபது வருஷம் உடுத்தின சேலையில் கஞ்சி எங்கே இருக்கும்? நூலின் முறுக்கே தளர்ந்து பஞ்சை நோக்கித் திரும்பியிருக்கும்.

அப்பாவின் வேட்டிகள்தான் முதலில் மிஷினுக்கு வந்தன. ஒரு நாலு முழ வேட்டியை 24 அங்குலச் சதுரமாக வெட்டினால் கணக்குக்கு ஆறு வரும். ஆனால் பழைய வேட்டி கணக்குக்கு நிற்காது. வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் எங்கெங்கே நைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் ஒன்று, முடிச்சு விழும் இடுப்பு ஒன்று, ஓரத்தில் களத்துக் கறை. அதையெல்லாம் விட்டால் நாலு தேறும். மூலைவாட்டில் மடித்து முக்கோணமாக்கி இடுப்பில் கட்ட இந்த அளவு போதும். மூன்று டஜன் வேண்டும் என்று அம்மா கணக்குச் சொன்னாள். ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, அப்போது மூன்று டஜனும் பற்றாதாம். அப்பா தினமும் ஒரு வேட்டியைக் கொண்டுவந்து, "இது ஆகுமா பாரு பாப்பா" என்று நீட்டுகிறார். நேற்றுக் கொண்டுவந்தது அவ்வளவு பழசு இல்லை. "இன்னும் கட்டலாமேப்பா" என்றதற்கு, "நான் வேற கட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

தைப்பதைவிடத் துவைப்பதுதான் பெரிய வேலை என்று இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் அலசிக் காயப்போட்டால் எவ்வளவு பழைய துணியும் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. புளோரைடு மிகுந்த தண்ணீர் இது. எங்கள் தலைமுறை வரைக்கும் பல்லில் காவிக்கறை இருந்தாலே எந்த ஊர் என்று அடையாளம் சொல்லிவிடுவார்கள். ஜப்பான் கடனுதவியோடு 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் காவிரித் தண்ணீர் எங்கள் குழாய்க்கு வந்தது. அது குடிக்கிற தண்ணீர், துணி துவைக்க எடுக்க மனசு வராது. அதனால் போர் தண்ணீரில் துவைத்து முடித்து, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி ஒகேனக்கல் தண்ணீர் என்று அம்மா ஏற்பாடு செய்திருக்கிறாள். சோப்புத்தூள் கிடையாது, நீலம் கிடையாது, வாசனைத் திரவம் எதுவும் கிடையாது. இந்த வெயிலில் மாடிக் கொடியில் போட்டால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. எடுத்து மடிக்கும்போது துணியில் வெயிலின் வாசம் இருக்கும். மூக்கில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவேன்.

இந்தக் கோடைக்கு என் நாளையே திருப்பிப் போட வேண்டியதாயிற்று. விடிகாலை ஐந்தரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் எட்டு வரை. அதற்குமேல் தகர ஓட்டுக்கு அடியில் உட்காரவே முடியாது. மிதி மிஷின் என்பதால் கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கிறேன். கால் வீங்கினால் உயர்த்தி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் கிராம சுகாதார செவிலியர். முகமோ கையோ வீங்கினால், தலை வலித்தால், கண் மங்கினால் அன்றைக்கே வந்துவிட வேண்டும், ஊசி நூலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னார். அது ரத்த அழுத்தம் ஏறுவதற்கான அறிகுறி. இதைப் படிக்கிற கர்ப்பிணி யாராவது இருந்தால் இந்த ஒரு வரியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் மண் தரையில் ஈரத்துணி விரித்து அதன் பக்கத்தில் படுக்கை. கேழ்வரகுக் கூழும் மோரும் சின்ன வெங்காயமும். கண் அயராவிட்டால் கையால் ஓரம் தைப்பேன். வியர்வைக் கையில் ஊசி வழுக்கும், கொஞ்சம் விபூதியைத் தொட்டுக்கொண்டால் நிற்கும். பழைய மெல்லிய துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி போட்டால் குத்தின இடமெல்லாம் ஓட்டை விழுகிறது. 11க்கு மாற்றியதும் சரியாயிற்று. ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது எடுத்த ஊசி எத்தனை, திரும்ப டப்பாவில் போட்டது எத்தனை என்று எண்ணிவிடுவேன். குழந்தைத் துணிக்குக் குண்டூசி குத்துவதே இல்லை, எல்லாம் நூலோட்டம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்லா. தோளில் தையலே வராதபடி துணியை மடித்து ஒரே வெட்டாக வெட்டி, பின்பக்கம் திறந்து விடுவது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மா. முதல் ஜப்லாவைத் தைத்து, பள்ளியில் கற்றபடி பிசிரெல்லாம் உள்ளே போகிற மாதிரித் திருப்பி, நேர்த்தியாகக் காட்டினேன். அம்மா வாங்கி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே இருந்ததை வெளியே வரும்படி திருப்பி என்னிடம் கொடுத்தாள்.

"தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். பாக்கறவங்களுக்குத்தானே அழகு வேணும், அதுக்கு மெத்துன்னு இருந்தா போதும்."

அன்றைக்கு முழுக்க அது என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால் கைக்குப் போடுகிற சின்ன உறைக்கு இது இன்னும் முக்கியம். உள்ளே பிசிர் நூல் தொங்கினால், அது குழந்தையின் விரலில் சுற்றி இறுகிவிடும். குழந்தை எதற்கு அழுகிறது என்று தெரியாமல் பாலைக் கொடுத்துக்கொண்டிருப்போம், உறைக்குள் விரல் நீலமாகிக்கொண்டிருக்கும். மருத்துவர்கள் பார்த்துச் சொன்ன ஆபத்து இது. அதனால் கையுறை, காலுறை எதுவானாலும் தையல் வெளியே, நூல் முனை வெளியே. கழுத்தில் கயிறு இல்லை, பட்டன் இல்லை. பின்னால் இரண்டே இரண்டு குட்டை நாடா. கழுத்து ஓரத்துக்கு அதே துணியில் கிராஸ் பட்டி வெட்டி வைத்தேன். அது வளைந்து கொடுக்கும், அழுத்தாது. மார்புச் சுற்று 17 அங்குலம் என்று வைத்துக்கொண்டு, அதற்குமேல் நாலு அங்குலம் தாராளம் விட்டேன். இந்த வெயிலுக்கு உடம்பில் ஒட்டுகிற துணியே ஆகாது. காற்று உள்ளே போய் வரவில்லையென்றால் வேர்க்குருதான்.

கடுகுத் தலையணையில்தான் எனக்கும் அம்மாவுக்கும் மனத்தாங்கல் வந்தது. கடுகை வெயிலில் காயவைத்து, மெல்லிய துணியில் பாதி அளவு நிரப்பித் தைப்பது. தலை உருண்டையாக வரும் என்று என் தலையைத் தடவித் தடவிச் சொன்னாள். எனக்கும் தைக்க ஆசைதான். ஆனால் ஒரு வயதுவரை குழந்தை தூங்குகிற இடத்தில் தலையணையே கூடாது என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், முகத்தருகே மெத்தென்று எதுவும் இருக்கக் கூடாது. 1990களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குழந்தைகளை மல்லாக்கப் போடச் சொல்லிப் பெரிய பிரசாரமே நடந்தது. அதற்குப் பிறகு தூக்கத்திலேயே போய்விடும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப உன்னை நான் தெரியாம வளர்த்துட்டனா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள். இரண்டு நாள் கடுகு முறத்திலேயே கிடந்தது. மூன்றாம் நாள் நானே உட்கார்ந்து தலையணையைத் தைத்து, ராத்திரி என் கழுத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன். குளுகுளுவென்று, அசைந்தால் உள்ளே கடுகு நகர்கிற சத்தத்தோடு நன்றாக இருந்தது. "பாப்பா ஒக்காந்து வெளையாடறப்ப பக்கத்துல வெச்சுக்கட்டும்மா" என்றேன். அம்மா தலையாட்டினாள்.

தெருவில் வருகிறவர்கள் துணியின் நிறத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். மஞ்சளா, வெள்ளையா, ஏன் ரோஸ் இல்லை, ஏன் நீலம் இல்லை. வயிறு கூர்மையாக இருக்கிறது பையன்தான் என்கிறார்கள், முகம் தெளிந்திருக்கிறது பெண்தான் என்கிறார்கள். நான் சிரித்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் மாவட்டத்தில் சாதாரணமானது இல்லை. பெண் சிசுக்களைக் கொன்ற ஊர்கள் என்று சேலமும் தருமபுரியும் பெயர் வாங்கியிருந்தன. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில்தான் தொடங்கியது, 2001ல் தருமபுரிக்கும் வந்தது. வேண்டாம் என்று நினைக்கிற பெண் குழந்தையை இங்கே போட்டுவிட்டுப் போங்கள், கொன்றுவிடாதீர்கள் என்று அரசாங்கம் வாசலில் ஒரு தொட்டிலை வைத்தது. வயிற்றில் இருப்பது என்னவென்று பார்த்துச் சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. ஆனாலும் திருட்டு ஸ்கேன் பிடிபட்ட செய்தி இந்தப் பக்கத்திலிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தத் தொட்டிலில் யார் கையில் தைத்த துணியோடு அந்தக் குழந்தைகள் போய்ப் படுத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். பத்து மாதம் சுமந்தவள் ஒரு துணியாவது சுற்றித்தானே வைத்திருப்பாள். அது அவளுடைய சேலைக் கிழிசலாகத்தான் இருந்திருக்கும். இதை நினைக்கிற நாளில் எனக்குத் தையல் ஓடாது. என் குழந்தைக்கு அப்பாவின் வேட்டி வெள்ளை, ஆயாவின் சுங்குடி மஞ்சளும் அரக்கும். வருவது யாராக இருந்தாலும் அதே துணிதான், அதே அளவுதான்.

வெயிலைப் பற்றி நான் இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் நான் நிழலில் உட்கார்ந்திருப்பவள். எங்கள் காட்டுக்குக் களை வெட்ட வருகிற ஒரு அக்கா, ஆறு மாத வயிற்றோடு பதினொரு மணி வெயிலில் குனிந்து நிற்கிறாள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்தே பிறப்பதும் இரண்டு மடங்கு வரை கூடுகிறது என்று அதில் தெரியவந்தது. அதைப் படித்ததிலிருந்து அப்பாவிடம் சொல்லி, காட்டு வேலையைக் காலை ஆறு மணிக்கே தொடங்கிப் பத்துக்குள் முடித்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறோம். கூலி முழு நாள் கூலிதான். வேப்பமரத்தடியில் பானையில் மோர் வைக்கிறோம். ஒரு காட்டில் நடக்கிற இது எவ்வளவு தூரம் போகும்? கர்ப்பிணிகளுக்குக் கோடை மாதங்களில் கூலியோடு ஓய்வு என்று சட்டமாக வந்தால்தான் செங்கல் சூளையிலும் கரும்புக் காட்டிலும் நிற்கிறவளுக்கு அது போய்ச் சேரும். அந்த அக்காவுக்கும் ஆறு ஜப்லா தைத்து வைத்திருக்கிறேன். "புதுசு இல்லையே?" என்று அவளும் ஆயா கேட்டதையே கேட்டாள்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையைத் தனியாகக் கட்டிவிட்டோம். அதில் முக்கியமானது நாலு வெள்ளைத் துணி. வெந்நீரில் போட்டு எடுத்து, உச்சி வெயிலில் காயவைத்து, காகிதத்தில் சுற்றி வைத்தது. குழந்தை வெளியே வந்ததும் ஒரு துணியில் ஈரத்தைத் துடைத்து அதை எடுத்துப்போட்டுவிட்டு, இன்னொரு உலர்ந்த துணியில் சுற்ற வேண்டும். இந்த வெயிலிலும் பச்சைக் குழந்தைக்குக் குளிரும் என்று செவிலியர் சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. ஈரம் காயக் காய உடம்புச் சூடு இறங்கிவிடுமாம். என் சித்தி மகளுக்கு அரசு மருத்துவமனையில் பிரசவமானபோது குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொடுத்தார்கள். 2015ல் தொடங்கிய திட்டம் அது, 1000 ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள். துண்டு, உடை, சின்னப் படுக்கை, கொசுவலை, நாப்கின், நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம்கூட. பின்லாந்தில் 1938லிருந்தே தாய்மார்களுக்கு இப்படி ஒரு பெட்டி கொடுக்கிறார்கள். முதலில் ஏழைத் தாய்மார்களுக்கு மட்டும், 1949லிருந்து எல்லோருக்கும். துணிகளை எடுத்தபின் அந்த அட்டைப்பெட்டியே குழந்தைக்குப் படுக்கையாகிவிடும். சித்தி மகள் அந்தப் பெட்டகத்துத் துண்டை இன்னும் மடித்து வைத்திருக்கிறாள். குழந்தைக்குக் கிடைத்த முதல் சீர் என்று சொல்வாள்.

நேற்று ஏணை கட்டிப் பார்த்தோம். ஆயாவின் இரண்டாவது சுங்குடிச் சேலையை வெட்டவே இல்லை. முழுசாக, இரட்டையாக மடித்து, உத்தரத்துக் கொக்கியில் போட்டு அம்மா முடிந்தாள். நான் தொட்டில் கட்டை வைத்து, துணி இரண்டு பக்கமும் விரிந்து நிற்கிறதா, முகத்தில் வந்து மூடாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். என் கை தானாக ஆட்டப் போயிற்று. ஆயா திண்ணையிலிருந்தே சத்தம் போட்டாள். "வெறும் ஏணையை ஆட்டாதே!"

பிறகு தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். அம்மிக் குழவியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். அப்பா ஓடிப்போய் வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, நான் தைத்த ஜப்லா ஒன்றைக் கேட்டு வாங்கி, தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அதைக் குழவிக்குச் சுற்றினாள். ஏணைக்குள் படுக்கவைத்தாள். கொக்கி ஒருதரம் கிறீச்சிட்டது. முடிச்சு கொஞ்சம் இறங்கி இறுகி நின்றது.

"தாங்குது" என்றார் அப்பா.

ஆயா ஏணையின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக மூன்று தரம் ஆட்டினாள். வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது. ராத்திரி ரயில் பொம்மிடியைத் தாண்டிச் சேலம் பக்கம் போகிற சத்தம் கேட்கும்வரை நாலு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.